வராத வாரங்கள்

“சாப்ட்டியா?”

“ம். நீங்க?”

“ஆச்சு. அங்கன மழையா?”

“சாரல் மட்டும்.”

“சரி. வைக்கட்டா?”

“ம்.”

கல்யாணமாகி இருபத்தாறாம் நாள் காந்திமதியும் நயினாரும் தொலைபேசியில் பேசிக்கொண்டது இவ்வளவுதான். ஆறு வருடம் கழித்தும் அவளுக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருந்தது, ஏனென்றால் அடுத்த நாளும் அதையேதான் பேசினார்கள், அதற்கடுத்த நாளும்.

ஆடி பிறந்திருந்தது. புதுப்பெண்ணைத் தூத்துக்குடியிலிருந்து அம்பாசமுத்திரத்துக்கு, தாய் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு மாப்பிள்ளை கூப்பிடுவார் என்று வீட்டுக்கே தெரியும். அந்த நேரத்துக்குச் சரியாக அப்பா கூடத்தில் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு படிக்காமல் உட்கார்ந்திருப்பார். பெரியத்தை வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்திவிடுவாள். சித்தி மகள்கள் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடலாம். ஒருநாள் ஓடினாள். “அதுக்குள்ள என்னட்டி ரகசியம், ஒரு மாசம் பொறுக்க முடியலியா?” என்று பெரியத்தை மூன்று நாள் விடாமல் கேலி செய்ததில், அதற்குப் பிறகு கூடத்திலேயே நின்று ‘ம்’ கொட்டப் பழகிக்கொண்டாள்.

நயினாருக்கும் அந்தப் பக்கம் அதே கதி. அவன் அம்மாவும் அண்ணனும் சுற்றி இருப்பார்கள். ஆடி முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்று இருவருமே நினைத்தார்கள்.

அந்த ஆடியில்தான் அவனுக்கு ஆழ்நிலைய வேலை உறுதியானது.

மன்னார் வளைகுடாவையும் தாண்டி, தெற்கே ஆழ்கடலின் தரையில் இருந்தது ஆழ்நிலையம். பாதி நாட்டின் மருத்துவமனைகளும் ரயில்களும் மின்சாரமும் எந்தக் கணினிகளை நம்பி ஓடினவோ, அவற்றைச் சூடாகாமல் இருக்கக் கடலடியில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ள நாற்பது பேர். பத்து மாதம் கீழே, இரண்டு மாதம் வீடு. கீழே இருக்கும்போது இணையம் கிடையாது, தொலைபேசி கிடையாது. தீங்கான மென்பொருள் எதுவும் நுழைந்துவிடக் கூடாது என்பதால், வெளியிலிருந்து எதையுமே உள்ளே விடுவதில்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு. வாரம் ஒருமுறை, குடும்பத்தில் ஒருவர் குரல்மடல் அனுப்பலாம். கீழே இருப்பவரும் பதிலுக்கு ஒன்று அனுப்பலாம்.

அதற்கு இரண்டு பேரின் போனிலும் ஒரு செயலியைப் போடச் சொன்னார்கள். முப்பது நாள் அவர்கள் பேசுவதைக் கேட்டு அது குரலைப் பழகிக்கொள்ளும். ‘எப்போதும் போலப் பேசுங்கள், அது போதும்’ என்று படிவத்தில் எழுதியிருந்தது. எப்போதும் போல எப்படிப் பேசுவோம் என்று தெரிந்துகொள்ளவே அவர்களுக்கு இன்னும் நாள் இருந்திருக்கவில்லை.

ஆடி முடிந்து பதினோரு நாள் ஒன்றாக இருந்தார்கள். அந்தப் பதினோரு நாளில் அவன் எவ்வளவு பேசுகிறவன் என்பதைக் கண்டு அவள் அசந்துபோனாள். சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டு பேசினான். மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது ஈரவேட்டிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினான். பன்னிரண்டாம் நாள் படகேறிப் போய்விட்டான்.

முதல் ஆறு வாரம் அவள் கூச்சத்தோடு சின்னச் சின்ன மடல்களாக அனுப்பினாள். ஏழாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் வேலை பார்த்த உப்புப் பரிசோதனைக் கூடத்துக்கும் லீவு, அத்தை பெரிய மகன் வீட்டில், யாரும் வரவில்லை, யாரோடும் பேசவில்லை. அவன் விட்டுப்போன கோடு போட்ட சட்டையை மடியில் வைத்துக்கொண்டு நான்கு நிமிடத்துக்கு மேல் பேசினாள். அவன் கையை நினைத்துக்கொண்டு தூங்குவதைச் சொன்னாள். அழுதாள், பிறகு தான் அழுவதைப் பார்த்துத் தானே சிரித்தாள். கடைசியில், அந்த வேலையை விட்டுவிட்டு வீட்டுக்கு வரும்படி கேட்டாள். உப்பளக் கம்பெனிகளில் இல்லாத வேலையா என்றும் சேர்த்துக்கொண்டாள். எதையும் அழிக்காமல், இரண்டாம் முறை கேட்காமல் அனுப்பிவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் மடல் வந்தது.

“சாப்ட்டியா? நான் நல்லாருக்கேன். மாடி டேங்க் கழுவி ரெண்டு மாசம் ஆகுது, ஆளக் கூப்ட்டு கழுவச் சொல்லு. அம்மாவக் கேட்டதாச் சொல்லு. வைக்கட்டா?”

அவள் மூன்று முறை கேட்டாள். மடலில் யாரிடம் ‘வைக்கட்டா’ என்று கேட்கிறான் இந்த மனிதன்?

அதற்குப் பிறகும் விடவில்லை அவள். கோபம் வந்த வாரம் “டேங்க் கழுவியாச்சு” என்று ஒற்றை வரி அனுப்புவாள். மனசு கேட்காத வாரம் எல்லாவற்றையும் கொட்டுவாள். எதை அனுப்பினாலும் அந்தப் பக்கத்திலிருந்து சாப்பாடு, டேங்க், மிக்சி, அம்மாவின் முழங்கால். ஒரு வாரமும் தவறாது. ஒரு வாரமும் மாறாது.

முதல் லீவுக்கு அவன் வந்தபோது துறைமுக வாசலில் கடுகு நிறப் புடவை கட்டிக்கொண்டு நின்றாள். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான். “எளச்சிட்ட” என்றான். நான் கேட்டதற்கு இவர் பதில் சொல்லட்டும், அதுவரை நான் வாயைத் திறப்பதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். அவனும் எதையோ எதிர்பார்க்கிறவன் மாதிரி அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து விலகினான். இரண்டு மாதமும் மிக்சியைப் பழுதுபார்ப்பதிலேயே போனது. எதிர்வீட்டுக்காரி சொன்னாள்: “ஒங்க வீட்டுல சத்தமே கேக்க மாட்டேங்கே! எங்க வீட்டு மனுசன அனுப்பி வைக்கட்டுமா?”

நாலாவது வருடத்தோடு காந்திமதிக்குச் சலித்துவிட்டது. சொல்லாத மனிதரிடம் எத்தனை முறை கேட்பது? அதன் பிறகு ஒவ்வொரு வாரமும் தவறாமல் டேங்க் மடல்தான் அனுப்பினாள். சாப்பிட்டேன், நீங்க சாப்ட்டியளா, அத்தைக்குச் சுகர் பார்த்தாச்சு, வைக்கட்டா. நாளடைவில் அதில் ஒரு நிம்மதி கூட வந்துவிட்டது, பல் தேய்ப்பதைப் போல.

இந்த வருடம் ஆறாவது வருடம். போன வெள்ளிக்கிழமை மடலில், அம்மாவின் முழங்காலுக்கும் மிக்சிக்கும் நடுவே அவன் சொல்லியிருந்தான்: “நெரந்தர ஒப்பந்தம் குடுத்துருக்காவ. பத்து வருசம். அடுத்த சனிக்கெழம கையெழுத்து.”

பத்து வருடம் முடியும்போது அவளுக்கு நாற்பத்தொன்று நடந்துகொண்டிருக்கும்.

புதன்கிழமை காலையில், உப்பு மாதிரிகளை உலையில் வைத்துக்கொண்டிருந்தபோது கரை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். “காந்திமதி நயினாரா? இன்னைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போக முடியுமாம்மா? ஒரு கையெழுத்து. இல்ல இல்ல, அவருக்கு ஒண்ணுமில்ல. கீழ நல்லாருக்காரு.”

கரை அலுவலகம் துறைமுகச் சாலையில் இருந்தது. கூப்பிட்டவர் ரோஸ்லின், மடல்களை ஆய்வு செய்யும் அதிகாரி. ஐம்பதைத் தாண்டியவர். கழுத்துச் சங்கிலியில் கண்ணாடி தொங்கியது. மேசையில் கணினித் திரைக்குப் பக்கத்தில் ஒரு டப்பா நிறைய மக்ரூன்.

“எடுத்துக்கோங்க. இங்க வாரவங்க கொஞ்ச நேரத்துல எப்படியும் அழுதுருவாங்க. அதுக்கு முன்னாடி தின்னுருங்க.”

காந்திமதி எடுக்கவில்லை. “எதுக்கு மேடம் அழணும்?”

“ஆழ்நிலையத்துக்குப் போற எதையும் அரண்னு ஒரு காவல் புரோகிராம் பாத்துட்டுத்தான் உள்ள விடும். அது தெரியும்லா?”

“தெரியும். வைரஸ் கியிரஸ் இருக்கான்னு பாக்கும்னு சொன்னாவ.”

“அது மட்டும் பாத்தா போதும்னுதான் மொதல்ல இருந்தோம். பன்னெண்டு வருசத்துக்கு முன்னாடி வடக்க ஒரு நிலையத்துல, ஒரு இன்ஜினியருக்கு அவர் பொண்டாட்டி மடல் வந்துச்சு. அச்சு அசல் அவ குரல். பிள்ளைக்கு முடியலன்னு அழுகுறா. அந்த அழுகைக்குள்ள எவனோ ஒரு புரோகிராம ஒளிச்சு வச்சிருந்தான். அவரு மடலத் தெறந்தாரு, அவ்வளவுதான். ரெண்டு நாள் மூணு மாநிலத்துல ஆஸ்பத்திரி மெஷின் ஒண்ணும் ஓடல. என்ன ஆச்சுன்னு நான் வேற சொல்லணுமா?” ரோஸ்லின் ஒரு மக்ரூனை எடுத்து, தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டார். “குரல எவன் வேணும்னாலும் செஞ்சிரலாம். ஆனா ஒரு மனுசன் எதச் சொல்லுவான், எதச் சொல்ல மாட்டாங்கிறத செய்யறது கஷ்டம். அதான் அரண் முப்பது நாள் கேட்டுப் பழகிக்கிடுது. பழக்கத்துக்குள்ள இருந்தா உள்ள விடும். கொஞ்சம் விலகுனாலும் யாரோ திருடன்னு எடுத்துத் தடுப்பறையில போட்டுரும். நாங்க அத மாமியார்னு சொல்லுவோம். உங்க மாமியார் எப்படியோ, எங்க மாமியார் யாரையும் நம்பாது.”

காந்திமதி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். “எந்த முப்பது நாள்?”

ரோஸ்லின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையைப் படித்தார். “ஜூலை பதினேழுலருந்து. மொத்தம் இருபத்தெட்டு அழைப்பு. சராசரி முப்பது வினாடி. சாப்பாடு இருபத்தெட்டு தடவ. மழை பத்தொம்பது. ‘ம்’ நூத்திப் பன்னெண்டு. சிரிப்பு இல்ல. பேரச் சொல்லிக் கூப்பிட்டது இல்ல. அழுகை இல்ல. எதையும் கேட்டு வாங்குன பேச்சு இல்ல.” அவர் நிமிர்ந்து பார்த்தார். “தப்பா எடுத்துக்காதீங்க. ரொம்ப வயசானவங்க, இல்லாட்டி சண்டையில இருக்கவங்கதான் இப்படிப் பதிவாவாங்க. உங்களுக்கு அப்ப என்ன வயசு?”

“இருவத்தஞ்சு. மேடம், அது ஆடி மாசம்.”

“என்னது?”

“ஆடி! புதுப்பொண்ணு. எங்க அம்மா வீட்டுக் கூடத்துல எட்டுப் பேரு முன்னாடி நின்னு பேசுனேன். அதுல என்னத்தச் சிரிக்க? எப்படிப் பேரச் சொல்லிக் கூப்பிட?”

ரோஸ்லின் கையிலிருந்த மக்ரூனை டப்பாவிலேயே போட்டார். “சேசுவே” என்றார்.  “இத எழுதுனவங்களுக்கு ஆடின்னா என்னன்னு எங்கம்மா தெரியப் போகுது? எப்பவும் போலப் பேசுங்கன்னு ஒரு வரி போட்டுட்டாங்க.”

“நான் அனுப்புனதுல எத்தன மேடம் நின்னுருக்கு?”

“நாப்பத்தொண்ணு.”

எவையெவை என்று கேட்க வேண்டிய தேவையே அவளுக்கு இருக்கவில்லை.

“ஒரு வார்த்த எங்ககிட்டச் சொல்லியிருக்கலாம்லா? நின்னு போச்சுன்னு?”

“சொன்னா திருடனுக்கும் எது நின்னுதுன்னு தெரிஞ்சிரும். அடுத்த தடவ அதத் திருத்திக்கிட்டு வருவான். அதனால அனுப்புனவங்களுக்கும் சொல்றதில்ல, வாங்குறவங்களுக்கும் சொல்றதில்ல. நீங்க மட்டும் இல்லம்மா. போன வாரம் ஒரு பெரியம்மா வந்தாங்க. முப்பத்தஞ்சு வருசக் குடித்தனத்துல மொத தடவையா வீட்டுக்காரரப் பேரு சொல்லிக் கூப்பிட்டிருக்காங்க, அது நின்னுபோச்சு. ஒருத்தர் சண்டையோட சண்டையாப் பதிஞ்சவரு, அப்புறம் திருந்தி மன்னிப்புக் கேட்டுருக்காரு, அதுவும் நின்னுபோச்சு. திட்டுன மடல் மட்டும் அழகாப் போயிருக்கு.” ரோஸ்லின் பெருமூச்சு விட்டார். “ஆனா பன்னெண்டு வருசத்துல ஒரு தப்பான புரோகிராம் உள்ள போகல. ஒண்ணுகூட. அத நான் சொல்லித்தான் ஆகணும்.”

“இப்ப எதுக்குக் கூப்ட்டிய?”

“ஞாயித்துக்கெழம அரண எடுத்துட்டுப் புதுசு போடுறாங்க. தடுப்பறையில இருக்கத அழிக்கணும். அனுப்புனவங்க பாத்துக் கையெழுத்துப் போடணும்னு விதி.”

“புதுசாவது ஒழுங்கா விடுமா?”

 அறைக் கதவைப் பார்த்துக்கொண்டார். “அது தடுக்காது. மடல் வரலைன்னு நெறையப் பேரு மனசு ஒடஞ்சு போறாங்கன்னு புகார் இருக்குல்லா, அதனால திருத்தி அனுப்பும். நீங்க என்ன சொன்னாலும், உங்க பழக்கத்துக்கு ஏத்த மாதிரி, உங்க குரல்லயே மாத்திச் சொல்லிரும். ஒருத்தருக்கும் மடல் தவறாது.”

காந்திமதி அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. “நான் இங்கன அழுதா, அங்கன டேங்க் கழுவியாச்சுன்னு கேக்குமா?”

“அப்படித்தான்.”

சன்னலுக்கு வெளியே ஒரு லாரி உப்பு மூட்டைகளோடு திரும்பியது. அவளுக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், ஒரு சந்தோஷம் குபுகுபுவென்று ஏறிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் அந்த மடல்களைக் கேட்கவே இல்லை. கேட்டுவிட்டு டேங்க்கைப் பற்றிப் பேசவில்லை. அப்படியென்றால் அவர் அனுப்பியதிலும்...

“மேடம். அவிய எனக்கு அனுப்புனதுல எத்தன நின்னுருக்கு?”

ரோஸ்லின் தட்டிப் பார்த்தார். இன்னொரு முறை தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“ஒண்ணும் இல்லம்மா.”

“நல்லாப் பாருங்க.”

“பாத்துட்டேன். இருநூத்தி அறுபது மடல். எல்லாம் உங்களுக்கு வந்திருக்கு.”

ஏறியதெல்லாம் ஒரே நொடியில் இறங்கியது. அப்படியானால் அவர் சொன்னது அவ்வளவுதான். அரண் அவர் விஷயத்தில் ஒரு தப்பும் செய்யவில்லை. அவரைச் சரியாகவே பழகிக்கொண்டிருந்தது. மக்ரூன் டப்பாவை ரோஸ்லின் அவள் பக்கம் நகர்த்தினார். இந்த முறை அவள் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அழுகையை விழுங்க ஏதாவது வேண்டியிருந்தது.

“குடுங்க, கையெழுத்துப் போடுதேன்.”

திரையில் பட்டியல் வந்தது. ஒவ்வொரு மடலுக்கும் எதிரே இரண்டு கட்டம்: அழிக்கலாம், மறுப்பு. காந்திமதி கடைசியிலிருந்து தொடங்கி ‘அழிக்கலாம்’ என்பதைத் தொட்டுக்கொண்டே மேலே வந்தாள். நாற்பது முடிந்தது. முதலாவது மட்டும் மிச்சம். ஏழாவது வாரம், நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடி.

“கேக்கலாமா?”

“உங்களோடதுதான.”

காதில் வைத்துக்கொண்டாள். ஒரு பெண் பேசினாள். மூச்சு வாங்க, வாக்கியத்தை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவி, அழுது, மூக்கை உறிஞ்சி, ‘ஐயே, நான் ஒருத்தி’ என்று சிரித்தாள். காந்திமதிக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. ஆனால் அது யாரோ மாதிரி இருந்தது. இப்போது இந்த மடல் தன் முன்னால் வந்தால், தானே இதைத் தடுப்பறையில் போட்டிருப்போம் என்று தோன்றியது. ஆறு வருடமாக அரண் யாரை உள்ளே விட்டதோ அவளாகவே தான் ஆகிப்போனது அப்போதுதான் உறைத்தது.

அவள் ‘மறுப்பு’ என்ற கட்டத்தைத் தொட்டாள்.

ரோஸ்லின் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இத யாரும் தொட்டு நான் பாத்ததில்ல.”

“தொட்டா என்ன ஆகும்?”

“அனுப்புனது நீங்கதானான்னு அவரே பாத்துச் சொல்லணும். நேரடி இணைப்பு, ஆறு நிமிசம். நடுவுல அரண் கிடையாது, மடலும் போகாது, வெறும் பேச்சுத்தான். நான் கூட இருக்கணும், அது விதி.” அவர் சுவரைப் பார்த்தார். “இருப்பேன். கேக்கணும்னு விதியில இல்ல.”

“அவியளுக்குச் சொல்ல ஒண்ணும் இல்லியே மேடம். நான் மட்டும் போயி எதுக்கு?”

“அத என்கிட்டக் கேக்காதீங்க. என் வீட்டுக்காரரு செத்து எட்டு வருசம் ஆச்சு. ஆறு நிமிசம் குடுத்தா நான் டேங்க்கப் பத்தியே பேசுவேன்.”

 இணைப்பு கிடைக்க அரை மணி நேரம் ஆனது.

திரையில் நயினார் வந்தான். வேலை உடுப்பு, நெற்றியில் கறை. அவளைப் பார்த்ததும் அவன் முகம் வெளிறியது.

“என்ன மதி? அம்மாவுக்கு என்ன? சொல்லு, எப்ப?”

“அத்த நல்லாருக்காவ. யாருக்கும் ஒண்ணுமில்ல.”

“பொறவு?”

ரோஸ்லின் எட்டிப் பார்த்தார். “நயினார், பேசுறது உங்க மனைவிதானான்னு நீங்க உறுதி செய்யணும். அவங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணக் கேளுங்க.”

அவன் திருதிருவென்று விழித்தான். “கல்யாணத்தன்னைக்கு எஞ்செருப்பு எங்க போச்சு?”

“ஒங்க சித்தப்பா மாட்டிக்கிட்டுச் சங்கரன்கோயிலுக்கே போயிட்டாரு. நீங்க எங்கப்பா செருப்பப் போட்டுக்கிட்டு மறுவீடு வந்திய. ரெண்டு இஞ்சு சின்னது.”

“அவதான்” என்றான் நயினார்.

“சரி, பேசுங்க” என்று சொல்லிவிட்டு ரோஸ்லின் நாற்காலியைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

காந்திமதி நேராக விஷயத்துக்கு வந்தாள். வேறு எப்படி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. “நான் அனுப்புனதுல நாப்பத்தொண்ணு ஒங்களுக்கு வரவே இல்லியாம். அரண் பிடிச்சு வச்சிருக்கு. இன்னைக்குத்தான் சொன்னாவ.”

அவன் அதிர்ச்சியடைவான் என்று எதிர்பார்த்தாள். அவன் மெதுவாகக் கேட்டான்: “நாப்பத்தொண்ணா?”

“ஆமா.”

“நான் முப்பத்தெட்டுன்னு நெனச்சேன்.”

“என்னது?”

“மூணு வாரம் நீ நெசமாவே அனுப்பலன்னு நெனச்சிட்டேன். மாமா தவறிட்டாவன்னு ஆபீசுல சொன்னாவள்லா, அந்த மூணு வாரம்.” அவன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்தான். கறை இன்னும் பரவியது. “அப்பவும் அனுப்புனியா மதி?”

அப்பா இறந்த அந்த வாரங்களில்தான் அவள் எல்லாவற்றையும்விட அதிகமாகப் பேசியிருந்தாள். அவள் தலையாட்டினாள். “ஒங்களுக்குத் தெரியுமா? நிக்கிறது தெரியுமா?”

“வந்த ரெண்டாம் வாரமே தெரியும். அரணப் பாத்துக்கிறதுல எனக்கும் ஒரு பங்கு உண்டு. வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு எழுதி வாங்கிட்டாவ. இப்ப அதுவே போகப் போகுது.”

“லீவுல வந்தப்ப எங்கிட்டக்கூடவா?”

“அது ஒண்ணு. பொறவு பயம்.”

“என்ன பயம்?”

“அந்த வாரமெல்லாம் என்னட்டி சொன்னன்னு ஒருநாள் கேக்கணும்னு இருக்கும். கேட்டு, ‘ஒண்ணும் அனுப்பல, மறந்துட்டேன்’னு நீ சொல்லிட்டன்னா?” அவன் கீழே பார்த்தான். “வெள்ளிக்கெழம எல்லாருக்கும் மடல் வரும். எனக்கு வரலன்னா கூட இருக்கவனுவ பாவம்னு பாப்பானுவ. நான் உள்ளுக்குள்ள சிரிச்சிக்கிடுவேன். மாமியாரே நம்பாத அளவுக்கு எம்பொண்டாட்டி என்னமோ சொல்லியிருக்கான்னு. என்னவா இருக்கும்னு வாரம் முழுக்க நானே சொல்லிப் பாத்துக்கிடுவேன். வராத வாரந்தான் எனக்கு நல்ல வாரம்.”

சன்னல் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“அப்ப நீங்க? ஒங்களது ஒண்ணுகூட நிக்கலியாம். ஒண்ணுகூட!”

“நின்னா ஒனக்கு அந்த வாரம் எங்குரலே இல்லாமப் போயிரும்லா” என்றான் அவன், இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல. “எது போகும்னு பாத்துப் பாத்துப் பேசுனேன். டேங்க் போகும். அம்மா முழங்கால் போகும்.”

“அந்த டேங்க்கக் கேட்டுக் கேட்டு எனக்கு எப்படி எரிஞ்சிது தெரியுமா? ஒருநாள் போனத் தூக்கி அதுக்குள்ளயே போடப் பாத்தேன்!”

அவன் சிரித்தான். ஆறு வருடத்துக்கு முந்தைய பதினோரு நாளின் சிரிப்பு. ஆனால் அது சட்டென்று நின்றது. திரையின் ஓரத்தில் இன்னும் ஒரு நிமிடம் பத்து வினாடி மீதம் என்று காட்டியது.

“ரெண்டு வருசமா ஒன் மடல் ஒரு வாரங்கூடத் தப்பல மதி. வெள்ளிக்கெழமன்னா டாண்ணு வந்துரும். ஒவ்வொண்ணும் வர வர எனக்குப் பதறும். இவளுக்கு இனி எங்கிட்டச் சொல்ல ஒண்ணும் இல்ல, தனியா இருந்து பழகிட்டா, நாம போனா இடைஞ்சல்னு நெனச்சிக்கிட்டேன். அதான் பத்து வருசத்துக்கும் போட்டுருவோம்னு...” அவன் நேரம் ஓடும் மூலையைப் பார்த்தான். “அந்த மொத மடல்ல, அந்த ஏழாவது வாரம், என்ன சொன்ன? ஆறு வருசமா யோசிக்கேன். சொல்லு.”

சட்டையைப் பற்றிச் சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லலாம். நான்கு நிமிடம் பன்னிரண்டு வினாடியைச் சொல்ல இனி நேரமில்லை. முப்பது வினாடி. காந்திமதி நாற்காலியைத் திரைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள், யார் கேட்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. குரலையும் தணித்துக்கொள்ளவில்லை.

“நயினார், கையெழுத்துப் போடாதிய. எனக்கு நீங்க வேணும். வீட்டுக்கு வந்துருங்க.”